மெக்சிகோ சுயாதீனப் படங்கள்: எதிலிருந்து தொடங்கலாம்?

முத்தியால்பேட்டைக்காரன்:
பாரிஸில் இருக்கும் அக்கா அங்கே மெக்சிகோ சினிமா, வீடியோ கலை விழா பார்த்ததிலிருந்து போனில் அதே பேச்சு. எங்கள் மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் பத்துப் பேருக்காவது போட்டுக் காட்ட ஆசை. எதை முதலில் போடலாம்?

கடலூர் முதுநகர்:
தம்பி, கார்லோஸ் ரேகாதாஸின் 'சைலன்ட் லைட்'. 2007இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு வாங்கியது. மெக்சிகோ படம்தான், ஆனால் பேச்சு ஸ்பானிஷ் இல்லை. சிவாவா மாநிலத்தின் மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயிகள் பேசும் ஜெர்மானியக் கிளைமொழி. நடித்தவர்களும் பெரும்பாலும் அந்தச் சமூகத்தார். தொடக்கத்தில் விண்மீன் வானம் மெல்ல விடிவது மட்டுமே சில நிமிடம். தெருவிளக்கு படாத பக்கமாக வேட்டியைக் கட்டுங்கள்.

முத்தியால்பேட்டைக்காரன்:
நன்றி அண்ணா. வீடியோ கலையில்?

லாஸ்பேட்டை வாசகி:
போலா வைஸ். 1970களிலேயே மெக்சிகோவில் வீடியோவைக் கலையாகக் கையாண்ட முன்னோடி. கேமராவைப் பிடித்தபடியே நடனமாடிப் பதிவு செய்தவர். நான் நாட்டியம் பயின்றவள், அதனால் அவர்மேல் தனிப்பிரியம். என்றைக்குத் திரையிடல்? நானும் வருகிறேன்.