உடல்நல ஆய்வுக்கு அரசு மானியம் கேட்ட சிறுதொழிலர்கள்: சுங்கை சிப்புட் வட்டார அனுபவங்கள்

ரப்பர் வார்ப்புப் பட்டறை நடத்துபவர், சுங்கை சிப்புட்:

உடல்நலம் சார்ந்த ஆய்வில் இறங்கும் சிறு நிறுவனங்களுக்கு மலேசிய அரசு தரும் நிதியைப் பற்றி நம் வட்டாரத்தில் பேசுபவர்கள் மிகவும் குறைவு. கடன் என்றால் எல்லோருக்கும் தெரியும். அரசு நிறுவனமான தெக்குன் நேஷனல் இந்தியச் சிறுதொழிலர்களுக்குத் தரும் ஸ்புமி கடனில் கடை தொடங்கியவர்களை ஒவ்வொரு குடியிருப்புத் தாமானிலும் பார்க்கலாம். ஆனால் திருப்பிக் கட்ட வேண்டாத ஆய்வு மானியம் என்று ஒன்று உண்டு, அதற்குப் பட்டறைக்காரர்களும் விண்ணப்பிக்கலாம் என்று சொன்னால், அதெல்லாம் பல்கலைக்கழகத்தாருக்கு உரியது என்ற பதில்தான் வருகிறது. நாங்கள் விண்ணப்பித்துப் பெற்றிருக்கிறோம். அது எப்படி நடந்தது, எங்கே திண்டாடினோம் என்பதை எழுதுகிறேன். இதே வழியில் போனவர்கள் தங்கள் அனுபவத்தையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் பட்டறையில் ரப்பர் விரிப்புகளும் இயந்திரங்களுக்கான ரப்பர் வளையங்களும் வார்த்துக் கொடுக்கிறோம். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் என் உறவினர் ஒருவருக்குப் பல ஆண்டுகளாக இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. பூட்ஸுக்குள் புகுந்த செம்பனை முள்ளோடு அவர் பகல் முழுவதும் நடந்திருக்கிறார். பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோனதால், மாலையில் காலுறையைக் கழற்றி இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. புண் ஆறவில்லை, விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல, நோய் ஆய்வு நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அந்த விகிதம் மிக அதிகம். ஆகவே இது என் உறவினர் ஒருவரின் கதை மட்டும் அன்று.

பூட்ஸுக்குள் வைக்கும் இன்சோல் ஒன்றைச் செய்து பார்த்தோம். அடியில் முள் துளைக்காத கெட்டியான படலம், மேலே பாதத்தின் பாரத்தைப் பரப்பிவிடும் இயற்கை ரப்பர் நுரை. கிளினிக்கில் தாதி ஒருவர் நோயாளியைக் கண்மூடச் சொல்லி, 10 கிராம் விசையில் வளையும் நைலான் நூலால் பாதத்தின் ஒவ்வோர் இடத்தையும் தொட்டுச் சோதிப்பதைப் பார்த்திருக்கிறேன். பெருவிரலின் அடியில் நூல் வளைந்து நிற்கும், நோயாளியோ, "இன்னும் தொடவில்லையா?" என்று கேட்பார். வலியே தெரியாத அந்த இடத்தில்தான் பாரம் அதிகம் விழுகிறதா என்று அறிய, மை தடவிய ரப்பர் விரிப்பின் மேல் என் உறவினரை நடக்க வைத்துத் தாளில் பதிந்த தடத்தைப் பார்த்தோம். முன்பாதத்தின் நடுவில் மை கறுத்துத் திட்டாகப் பதிந்திருந்தது. இன்சோலை வைத்து நடந்தபோது அந்தத் திட்டு பரவி வெளிறியது.

இதற்கு வங்கியில் கடன் கேட்டபோது, எத்தனை ஜோடி விற்கும், மாதத் தவணையை எதிலிருந்து கட்டுவீர்கள் என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான். மானியக் குழுவின் முன்னே உட்கார்ந்தபோது கேட்கப்பட்டது முற்றிலும் வேறு. மைத்தடத்தை மேசையில் வைத்தேன். குழுவில் இருந்த அம்மையார் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த இன்சோல் பயன் தரவில்லை என்றால் அது உங்களுக்கு எப்படித் தெரியவரும் என்று கேட்டார். ஆய்வு மானியத்தின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று இன்று உறுதியாக நம்புகிறேன். கடன் கேட்பவர் தமக்குத் தெரிந்த தொழிலைக் காட்டி நம்பிக்கை பெறுகிறார். ஆய்வுக்குக் கேட்பவரோ இன்னும் எது தெரியவில்லை, அதை எந்தச் சோதனையால் தெரிந்துகொள்ளப் போகிறார், எந்த விடை வந்தால் வேலையை நிறுத்திவிடுவார் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த அம்மையாருக்கு நான் அன்று சொன்ன பதில்தான் பிறகு எங்கள் திட்டத்தின் முதல் மைல்கல்லாக எழுதப்பட்டது: முன்பாதத்தின் உச்ச அழுத்தம் நாங்கள் முன்கூட்டியே குறித்த அளவுக்குக் குறையாவிட்டால் நுரையின் கலவையை மாற்றுவோம், மாற்றியும் குறையாவிட்டால் இந்த வடிவத்தையே கைவிடுவோம்.

விண்ணப்பிக்கும் முன்பு வணிகப் பதிவை செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனமாக மாற்றினோம். புதுத் தொழில்களுக்கு நிதி தரும் அரசின் கிரேடல் நிறுவனத்தின் சிஐபி ஸ்பார்க் போன்ற தொடக்கநிலை மானியங்கள் 150,000 ரிங்கிட் வரையிலும், சந்தைக்குக் கொண்டுபோகும் நிலைக்கான சிஐபி ஸ்பிரிண்ட் 600,000 ரிங்கிட் வரையிலும் என்று அறிவிக்கப்பட்டவை. இவை நிபந்தனை மானியங்கள் என்பதை மறக்கக் கூடாது. சொன்ன வேலையைச் செய்யாமல் பணத்தை வேறு வழியில் செலவழித்தால் கணக்குக் கேட்பார்கள்.

பணம் வரும் முறையால்தான் நாங்கள் மிகவும் அவதிப்பட்டோம். மானியம் தந்த அமைப்பின் பெயர் இங்கே வேண்டாம். தொகை தவணை தவணையாகத்தான் வந்தது. ஒரு மைல்கல்லை முடித்து, அறிக்கையும் ரசீதுகளும் கொடுத்து, அவர்கள் சரிபார்த்த பிறகே அடுத்த தவணை. எங்கள் இரண்டாவது தவணை, அறிக்கையைப் படிக்க வேண்டிய அதிகாரி மாறியதால், பல மாதங்கள் தாமதமானது. அதற்குள் தோலில் படும் பொருளுக்கு வேண்டிய ஐஎஸ்ஓ 10993 சோதனைகளுக்கு ஆய்வகத்திற்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. இயற்கை ரப்பர் என்றாலே அதிலுள்ள புரதத்தால் சிலருக்கு ஒவ்வாமை வரும் என்ற ஐயம் எழும். அதைச் சோதிக்காமல் ஒரு நோயாளியின் காலிலும் இன்சோலை வைக்க நாங்கள் விரும்பவில்லை. நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் ரப்பர் வளையங்களுக்கு முன்பணம் கொடுத்திராவிட்டால் ஆய்வு அங்கேயே நின்றிருக்கும். பெரிய நிறுவனத்துக்கு இத்தகைய தாமதம் ஒரு கடிதப் போக்குவரத்தோடு போய்விடும். ஆறு பேர் வேலை செய்யும் பட்டறையில் அது அந்த மாதச் சம்பளத்தையே தொடுகிறது. சிறு நிறுவனங்களுக்கென்று வகுத்த திட்டத்தில் சிறு நிறுவனத்தின் கைப்பணத்தைக் கணக்கில் எடுக்காதது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர், சுங்கை சிப்புட்:

தம்பி எழுதியதைப் படித்தேன். தோட்ட டிரெசராக, அதாவது தோட்டத்து மருந்தக உதவியாளராக வேலையைத் தொடங்கி, பிறகு அரசாங்கக் கிளினிக்கில் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். உடல்நல ஆய்வில் பணம் கிடைப்பது பாதி வழிதான். சுகாதார அமைச்சின் கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ நோயாளிகளைக் கொண்டு ஆய்வு செய்ய வேண்டுமானால், முதலில் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். பிறகு அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் ஆய்வு நடக்கும் இடத்தின் பொறுப்பாளருடைய அனுமதியும் வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் காலத்தை மானிய அட்டவணையில் போடாதவர்கள், பணம் வந்த பிறகும் நோயாளியின் அருகே போக முடியாமல் காத்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

குழு கேட்கும் கேள்விகளைத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். தோட்டத்து ஆட்களிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் யாராவது நின்றால் போதும், படிக்காமலே போட்டுவிடுவார்கள். கங்காணி சொன்னார், கிராணி சொன்னார் என்று கைநாட்டு வைத்த பழக்கம் சில குடும்பங்களில் இன்னும் போகவில்லை. ஆகவே ஒப்புதல் படிவம் அவரவர் மொழியில் இருக்க வேண்டும், மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை குறையாது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று குழு வற்புறுத்துவதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் மருத்துவ ஆய்வு மையம் இருக்கிறது. ஆய்வின் வடிவத்தை எழுதும் முன்பே அங்குள்ளவர்களில் ஒருவரைக் கூட்டு ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்ள முடிந்தால், படிவங்களில் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

மூலிகைத் தைலம் தயாரிக்கும் பெண் தொழில்முனைவர், சிம்மோர்:

அண்ணா, ஐயா, இருவருக்கும் நன்றி. என் அனுபவம் கசப்பானது, ஆனாலும் மற்றவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நான் தயாரிக்கும் மூட்டுவலித் தைலம் பாரம்பரிய மருந்தாகப் பதிவு பெற்றது. புட்டியில் மால் என்று தொடங்கி டி என்று முடியும் எண் இருக்கிறது. அந்தப் பதிவு, பொருள் பாதுகாப்பானது, தரமாகத் தயாரிக்கப்பட்டது என்பதற்குத்தான். நோயைக் குணப்படுத்தும் என்று நிரூபித்ததாக அதற்குப் பொருள் இல்லை. அந்த நிரூபணத்துக்காகவே ஆய்வு நிதி தேடினேன். அப்போது ஒரு முகவர் வந்து, அமெரிக்க அரசின் சிறுதொழில் ஆய்வு நிதியிலிருந்து எனக்கு வாங்கித் தருவதாகச் சொல்லி, விண்ணப்பத் தயாரிப்புக் கட்டணம் என்று ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டார். நேர்த்தியான தாள்கள், அமெரிக்கக் கழுகு முத்திரை, எல்லாம் இருந்தன. பிறகு அவருடைய கைப்பேசி எடுக்கப்படவே இல்லை. போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இனிப்பு நீருக்கும் இந்தத் தைலம் நல்லது என்று விளம்பரம் போடச் சொல்லி அதே முகவர் யோசனை சொன்னார். நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டமே தடை செய்கிறது. நல்ல வேளையாக அந்தச் சட்டம் எனக்கு முன்பே தெரியும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கோலகங்சார்:

சகோதரியின் பதிவைப் படித்துவிட்டு அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகனிடம் பேசினேன். அவன் மேரிலாந்தில், புண்ணில் தொற்று இருக்கிறதா என்று கண்டறியும் கருவி ஒன்றை உருவாக்கும் சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறான். அந்த நிறுவனம் நடந்ததே அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகங்களின் சிறுதொழில் நிதியால்தான். அவன் சொன்ன முதல் செய்தி, அந்த நிதி அமெரிக்காவில் இயங்கும் நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது என்பதும், ஆய்வு வேலையும் அங்கேயே நடக்க வேண்டும் என்பதும்தான். மலேசியாவிலிருந்து அதற்கு விண்ணப்பித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஆனால் அந்தத் திட்டத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்வது நமக்கு நல்லது. 1982-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, வெளியார் ஆய்வுக்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவிடும் ஒவ்வொரு கூட்டரசு நிறுவனமும் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்கியே ஆக வேண்டும். அந்தப் பங்கு இப்போது 3.2 விழுக்காடு. 500 பேருக்கு மேற்படாத நிறுவனங்கள் கேட்கலாம். முதல் கட்டம் எண்ணம் சாத்தியமா என்று பார்க்க, இரண்டாம் கட்டம் அதை முழுமையாக உருவாக்க. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, அரசு பங்கும் கேட்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மதிப்பீட்டு முறை. மதிப்பீட்டாளர்கள் தரும் மதிப்பெண்களின் சராசரியிலிருந்து வரும் இறுதி மதிப்பெண் 10 முதல் 90 வரை. குறைவாக இருந்தால் நல்லது. தேறாத விண்ணப்பத்துக்கும் ஒவ்வொரு மதிப்பீட்டாளரும் எழுதிய குறைநிறைகள் எழுத்து மூலம் கொடுக்கப்படுகின்றன. அவற்றுக்குப் பதில் எழுதி மறுபடியும் விண்ணப்பிக்கலாம். தம்பி மகனின் நிறுவனம் அப்படித் திருத்தி எழுதித்தான் நிதி பெற்றது. நம் நாட்டில் 'தேர்ந்தெடுக்கப்படவில்லை' என்ற ஒற்றை வரிக் கடிதத்தோடு நிற்கும் இளைஞர்களை நான் அறிவேன். காரணத்தை ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க அதிகச் செலவு ஆகாது. அந்தப் பக்கம் விண்ணப்பித்தவருக்கு ஓர் ஆண்டுப் படிப்புக்குச் சமம். அதே வேளையில் அங்கேயும் எல்லாம் சீராக இல்லை. அந்தச் சட்டத்தின் காலக்கெடு 2025 செப்டம்பர் 30-இல் முடிந்தபோது காங்கிரஸ் அதை உடனே நீட்டிக்கவில்லை. புதிய நிதி வழங்குவது நின்று, சிறு நிறுவனங்கள் திகைத்துப் போயின.

ரப்பர் வார்ப்புப் பட்டறை நடத்துபவர், சுங்கை சிப்புட்:

ஐயா சொன்ன எழுத்து மூலமான குறைநிறைகளைப் பற்றி மானிய அமைப்புக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று நினைக்கிறேன். இங்கே எழுதியவர்கள் சம்மதித்தால் எல்லோரும் சேர்ந்தே எழுதுவோம். தவணை தாமதமாவதையும் அதில் சேர்க்க வேண்டும்: ஆய்வகக் கட்டணத்தையாவது மானிய அமைப்பே நேரடியாக ஆய்வகத்துக்குச் செலுத்தினால் பட்டறைகள் தப்பிக்கும்.

சகோதரிக்கு ஒரு செய்தி. தைலத்துக்கு முழு மருத்துவ ஆய்வு என்று தொடங்காமல், முதலில் ஒரு சிறு கேள்வியோடு பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றை அணுகிப் பாருங்கள். கம்பாரிலும் பினாங்கிலும் அதற்கான துறைகள் இருக்கின்றன. விண்ணப்பம் எழுதும்போது எங்கள் படிவத்தின் நகலைத் தருகிறேன், செலவுப் பட்டியலோடு.

எங்கள் இன்சோல் மருத்துவக் கருவிகள் ஆணையத்தின் வகைப்பாட்டில் ஆபத்து குறைந்த ஏ வகுப்பில் வரும் என்று எதிர்பார்க்கிறோம்; ஆனாலும் பதிவும் உற்பத்தியாளர் உரிமமும் வேண்டும், உரிமத்துக்கு ஐஎஸ்ஓ 13485 தரச் சான்றும் வேண்டும். இப்போது அந்த ஆவணங்களைத்தான் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். டிரெசர் ஐயா ஒப்புதல் படிவத்தின் தமிழ் வாசகத்தைப் பார்த்துத் திருத்தித் தர முடியுமானால் மிகுந்த உதவியாக இருக்கும். நெறிமுறைக் குழுவின் பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.