லீ ஆட்டத்துக்கு ரசிகர் பஸ்ஸா, சொந்தக் காரா?

சிப்ஸ்மசாலா:
வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு, மான்செஸ்டர் பக்கம் இருக்கும் லீ ஊரில் ஆட்டம். எங்கள் ஹல் கே.ஆர். ரக்பி லீக் அணிக்கு இது வெளியூர் மேட்ச். ரசிகர் பஸ்ஸில் நான் பெயர் கொடுத்துவிட்டேன். இன்னும் சீட் இருக்கிறது, யாராவது வருகிறீர்களா என்று இங்கே ஹல்லில் இருக்கும் நம்மவர்களிடம் கேட்டால், நாலு பேரும் ஒரே பதில்: "கார்ல போயிடலாமே, எதுக்கு பஸ்?" அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன்.

வெளியூர் ஆட்டம் என்றால் பஸ்தான். மதியம் 3:30க்கு ஏறினால், ஊர் எல்லை தாண்டுவதற்குள் ஒரு தொப்பி சுற்றி வரும். ஒரு பவுண்டு போட்டுச் சீட்டு எடுக்கவேண்டும், அதில் ஓர் ஆட்டக்காரர் பெயர் இருக்கும். முதல் டிரை (பந்தை எதிரணிக் கோட்டைத் தாண்டித் தரையில் வைப்பது) அடிக்கிறவர் பெயர் யார் கையில் இருக்கிறதோ அவருக்குப் பாதிப் பணம், மீதி ரசிகர் சங்கத்துக்கு. மூன்று வருடமாக எடுக்கிறேன், ஒரு முறைகூட விழவில்லை. என் பக்கத்து சீட்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது. என் டப்பாவில் எலுமிச்சை சாதத்தோடு ஒருநாள் மோர்மிளகாய் இருந்தது. "இது என்ன, சிப்ஸா?" என்று முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த பத்து மைலுக்கு இருமல். அதற்கப்புறம் ஒவ்வொரு பயணத்திலும் ஏறியதும் கேட்கும் முதல் கேள்வி, "அந்தக் கறுப்பு மிளகாய் இருக்கா?"

காரில் போனால் இது கிடைக்குமா? ரேடியோதான் கிடைக்கும்.

ரெண்டுபொண்ணுஅப்பா:
தம்பி, நீங்கள் சொல்வதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. தொப்பி சுற்றும்போது கூடவே சுற்றும் பீர் டின்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?

இரண்டு வருடத்துக்கு முன் நானும் பெண்களை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். போகும்போது சரி. வரும்போது பின்வரிசையில் ஒரு பாட்டு ஆரம்பித்தார்கள். சின்னவளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். "ஆட்டக்காரர் பெயர்மா" என்று சமாளித்தேன். மறுநாள் பள்ளியில் போய் அதைச் சொல்லியிருக்கிறாள்.

கால்பந்து ரசிகர் பஸ்ஸில் இந்தக் கூத்து நடக்காது. 1985இல் வந்த சட்டப்படி கால்பந்துக்குப் போகும் பஸ்ஸில் மது கூடாது. மைதானம் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்து குடிக்கவும் கூடாது. ரக்பி லீகுக்கு அந்தச் சட்டம் இல்லை. நாங்கள் ஒழுக்கமானவர்கள் என்று காட்டிக் கிடைத்த சலுகை. அதைக் கொண்டாடுகிற விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று. ஒரு மார்ச் மாதம் பஸ் மலைமேல் நின்றுவிட்டது. எம்62 சாலையின் உச்சி, 372 மீட்டர், இங்கிலாந்து மோட்டார்வேக்களிலேயே உயரமான இடம். காற்றும் மழையும். மாற்று பஸ் வர இரண்டு மணி நேரம். வீடு சேரும்போது மணி மூன்று. எந்த பஸ் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. ஆனால் "வந்துகொண்டே இருக்கிறது" என்று அவர்கள் சொன்ன ஒவ்வொரு தடவையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

காரென்றால் ஆட்டம் முடிந்து ஹூட்டர் அடித்த பத்தாவது நிமிடம் ரோட்டில் இருப்பேன்.

சிப்ஸ்மசாலா:
லீ மைதான கார் பார்க்கில் இருந்து பத்தாவது நிமிடமா? அண்ணே, நீங்கள் ஆட்டம் முடியும் எண்பதாவது நிமிடம்வரை உட்கார்ந்து பார்க்கிறவரே இல்லை என்று இப்போது தெரிகிறது :)

ராத்திரிடூட்டி:
ரெண்டு பேருமே ஆண்களாக இருந்து பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் சொல்லட்டுமா?

நான் நர்ஸ். தனி ஆள், கார் இல்லை. லீ ஊரில் ரயில் நிலையம் கிடையாது. 1969இல் மூடியது, திரும்பத் திறக்கவே இல்லை. ரயிலில் போகவேண்டுமென்றால் மான்செஸ்டரில் இறங்கி, அங்கிருந்து லீக்கு பஸ். ஆட்டம் முடிய ஒன்பதே முக்கால் ஆகிவிடும். மறுபடி மான்செஸ்டர் வந்து சேர்வதற்குள் ஹல்லுக்குப் போகிற ரயில் எல்லாம் படுத்துவிடும். ஆகவே ரசிகர் பஸ் இல்லையென்றால் எனக்கு லீ இல்லை. லீ மட்டுமில்லை, பாதி வெளியூர் ஆட்டங்கள் இல்லை.

குடியைப் பற்றி ஒன்று. முதல் சீசனில் ஒரு பையன் போதையில் என் தோளில் கை வைத்து ஏதோ சொன்னான். நான் திரும்புவதற்குள் முன் சீட்டில் இருந்த இரண்டு பாட்டிகள் எழுந்துவிட்டார்கள். கத்தவில்லை. ஒருத்தர் அவன் கையை எடுத்து அவன் மடியிலேயே வைத்தார். மற்றவர், "உன் அம்மா நம்பர் என்கிட்ட இருக்கு" என்றார். அடுத்த பயணத்தில் அவன் பெயர் பட்டியலில் இல்லை. இப்போது ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது சீட் என்னுடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

ரெண்டுபொண்ணுஅப்பா:
மேற்கோள்: "என் தோளில் கை வைத்து ஏதோ சொன்னான்."

சிஸ்டர், மன்னிக்கவும், நீங்கள் எனக்கு எதிராகச் சொன்ன கதை என் பக்கம்தான் பேசுகிறது. பாட்டிகள் இருந்தார்கள், சரி. அன்றைக்கு அவர்கள் வராமல் இருந்திருந்தால்?

ராத்திரிடூட்டி:
என் வார்டிலும் கை வைப்பவர்கள் உண்டு. அதற்காக வேலைக்குப் போகாமல் இருக்கிறேனா? ஒரு இடத்தில் தப்பு நடக்கிறதா என்று மட்டும் நான் பார்ப்பதில்லை. நடந்தால் யார் எழுந்து நிற்கிறார்கள் என்றும் பார்ப்பேன். கடைசி ரயிலில் அப்படி யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை.

காவிரிக்கரை:
திருச்சியிலிருந்து ஒரு சந்தேகம். எதிர் அணியின் ஊருக்கே கூட்டமாகப் போகிறீர்களே, அடிதடி வராதா? அப்புறம், இந்த ரக்பி லீக் என்பது டிவியில் காட்டும் உலகக்கோப்பை ரக்பிதானா?

விகன்வாசி:
அது வேறு, இது வேறு. டிவியில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் யூனியன், பதினைந்து பேர் ஆடுவது. இது பதின்மூன்று பேர். பிரிந்தது 1895 ஆகஸ்ட் 29, ஹடர்ஸ்ஃபீல்டு ஊரின் ஜார்ஜ் ஹோட்டலில். வடக்கில் ஆடியவர்கள் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்தவர்கள். அப்போது சனிக்கிழமையும் வேலை நாள். ஆட வந்தால் அன்றைய கூலி போச்சு. அந்தக் கூலியை ஈடுகட்டலாமா என்று கேட்டதற்கு லண்டன்காரர்கள் கூடாது என்றார்கள். வடக்கத்திக் கிளப்புகள் எழுந்து வந்துவிட்டன. இன்றைக்கும் எங்கள் ஊர்களில் பழைய ஆட்கள் அதை நேற்று நடந்த பங்காளிச் சண்டை மாதிரி பேசுவார்கள்.

அடிதடி பற்றி: பெரும்பாலான லீக் மைதானங்களில் இரண்டு அணி ரசிகர்களும் கலந்தே நிற்கலாம். கால்பந்து மாதிரி நடுவில் போலீஸ் வரிசை கிடையாது. நான் விகன் ரசிகன், பக்கத்தில் எங்கள் பரம எதிரி அணியான செயின்ட் ஹெலன்ஸ்காரன் நிற்பான். திட்டிக்கொள்வோம், பாதி நேரத்தில் அவனே எனக்கும் இறைச்சி பை (மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம்) வாங்கி வருவான். (எங்களை "பை தின்னிகள்" என்பார்கள். 1926 வேலைநிறுத்தத்தில் விகன்காரர்கள் முதலில் பணிந்து வேலைக்குத் திரும்பினார்கள், அவமானத்தைத் தின்றார்கள் (ஆங்கிலத்தில் அதை "ஹம்பிள் பை" தின்பது என்பார்கள்) என்று குத்திக்காட்ட வந்த பெயர் என்பார்கள். நாங்கள் அதை இறைச்சி பை என்று மாற்றிக்கொண்டோம்.)

சரி, விவாதத்துக்கு வருகிறேன். நீங்கள் மூன்று பேரும் தப்பான ஆளோடு சண்டை போடுகிறீர்கள். பஸ்ஸும் குற்றமில்லை, காரும் குற்றமில்லை. வெள்ளிக்கிழமை இரவு 8 மணி என்று வைத்தது யார்? டிவி. ஞாயிறு மதியம் 3 மணி ஆட்டமாக இருந்தால் சின்னப் பெண் எட்டு மணிக்கு வீட்டில் இருப்பாள், சிஸ்டர் ரயிலிலேயே திரும்பியிருப்பார். வேலை நாளில் அரை நாள் லீவு போட்டு நூறு மைல் போகிற ரசிகனைப் பற்றி அட்டவணை போடுகிறவன் யோசிப்பதே இல்லை.

சிப்ஸ்மசாலா:
விகன் அண்ணன் சொல்வது உண்மை. ஆனால் டிவிப் பணம் இல்லையென்றால் ஆட்டக்காரர் சம்பளம் எங்கிருந்து வரும்? அதுவும் தவிர, 2025 மார்ச் 1ஆம் தேதி லாஸ் வேகாஸில் போய் ஆடிய விகன் கிளப்பின் ரசிகர் வெள்ளிக்கிழமை லீ தூரம் என்று அழலாமா?

விகன்வாசி:
48-24 ஜெயித்தோம், அதையும் சேர்த்து எழுதுங்கள். வேகாஸ் வருடத்துக்கு ஒருமுறை போகிற தீர்த்த யாத்திரை. பிரான்ஸில் இருக்கும் பெர்பின்யானும் அப்படித்தான். 2006இல் அந்த ஊர் அணியான கேட்டலன்ஸ் லீகுக்குள் வந்ததிலிருந்து அந்தப் பயணத்துக்கு என்றே வருட லீவை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. பார்சிலோனாவரை விமானம், அங்கிருந்து ரயில், நடுவில் கடல். நான் சொல்வது மாதம் இரண்டு முறை வரும் பயணத்தை. தீர்த்த யாத்திரைக்குச் செய்யும் ஏற்பாட்டை மளிகைக் கடைக்குப் போகவும் செய்யச் சொன்னால் எப்படி?

ரெண்டுபொண்ணுஅப்பா:
நேரம் மாறாது. மாறாத நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. என் பதில் கார்.

சிப்ஸ்மசாலா:
அண்ணே, நான் பஸ் என்று அடம்பிடிப்பதற்குக் காரணம் தொப்பியும் மிளகாயும் இல்லை. 2023 ஆகஸ்ட், லண்டன் வெம்ப்ளி மைதானம். சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம், எதிரணி இதே லீதான். கடைசி நிமிடங்களில் 16-16 ஆக்கிவிட்டோம். கூடுதல் நேரத்தில் முதல் புள்ளி எடுத்தவனுக்குக் கோப்பை. லீயின் லாக்லன் லாம் ஒரு டிராப் கோல் (பந்தைத் தரையில் விட்டு, எழும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, ஒரு புள்ளி) உதைத்தார், 17-16. இறுதி ஆட்டம் அப்படி முடிந்தது அதுவே முதல் முறை.

பஸ்ஸில் ஐம்பது பேர். முதல் ஒரு மணி நேரம் இஞ்சின் சத்தம் மட்டும். என் பக்கத்து சீட்காரர் 1980இல் இதே கோப்பையை நாங்கள் ஜெயித்ததை நேரில் பார்த்தவர். அன்றைக்கு ஹல் நகரின் இரண்டு அணிகளும் மோதின. ஊரைக் காலி செய்துவிட்டு எல்லோரும் லண்டன் போனதால், கடைசியாகக் கிளம்புகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும் என்று அட்டை எழுதி வைத்தார்களாம். அந்த மனிதர் ஸ்கார்ஃபைக் கழற்றி, நாலாக மடித்து, முழங்கால்மேல் வைத்து, ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். லெஸ்டர் தாண்டி எங்கேயோ, என்னைப் பார்க்காமலே, "டப்பாவில் ஏதாவது மிச்சம் இருக்கா?" என்றார். கொடுத்தேன். ஆறிப்போன சாதம். முழுவதும் தின்றுவிட்டு, "இன்னைக்கு உறைப்பு கம்மி" என்றார். முன் சீட்டில் யாரோ சிரித்தார்கள். அதற்கப்புறம்தான் ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள்.

தோற்று வருகிற அந்த நாலு மணி நேரத்தை என்னால் தனியாக ஓட்டியிருக்க முடியாது.

ரெண்டுபொண்ணுஅப்பா:
அதே ராத்திரி நானும் அதே சாலையில்தான் வந்தேன். காரில். மூத்தவள் பின் சீட்டில் முகம் எல்லாம் சிவப்புச் சாயத்தோடு அழுதுகொண்டே வந்தாள். நெடுஞ்சாலை ஓரக் கடையில் நிறுத்திச் சாக்லேட் பால் வாங்கிக் கொடுத்தேன். "அப்பா, நாம உயிரோட இருக்கும்போது ஜெயிப்போமா?" என்று கேட்டாள். பன்னிரண்டு வயது! 2025இல் அதே கோப்பை இறுதியில் வார்ரிங்டனை 8-6 என்று ஜெயித்த அன்றைக்கும் பக்கத்தில் அவள்தான். முதலில் ஞாபகப்படுத்தியது அந்தச் சாக்லேட் பாலைத்தான்.

தோல்வியைப் பகிர ஐம்பது பேர் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ராத்திரிடூட்டி:
அண்ணா, இதற்கு எதிராக நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஒரு கணக்கு மட்டும் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்? காலை ஆறு? வேலை, லீவு, இரண்டு மணி நேர டிரைவிங், ஆட்டம், மறுபடி இரண்டு மணி நேரம். நள்ளிரவில் மலைச்சாலையில் நீங்கள் ஸ்டியரிங் பிடிக்கும்போது விழித்துப் பதினெட்டு மணி நேரம் ஆகியிருக்கும். பஸ் ஓட்டுகிறவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் ஓய்வெடுக்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உங்களுக்கு யார் சட்டம் போடுவது? வெள்ளி ராத்திரி எமர்ஜென்சி வார்டில் நிற்கிறவள் என்ற முறையில்தான் கேட்கிறேன். பயமுறுத்த இல்லை.

விகன்வாசி:
இது சரியான அடி.

ரெண்டுபொண்ணுஅப்பா:
பதில் எழுத ஒரு நாள் ஆகிவிட்டது. ஒப்புக்கொள்கிறேன், போன மாதம் காசில்ஃபோர்டில் இருந்து திரும்பும்போது ஜன்னலைத் திறந்துவைத்து, சத்தமாகப் பாடிக்கொண்டே ஓட்டினேன். அதுவும் பக்கத்து ஊர்.

ஆனாலும் எட்டு வயதுக்காரியைப் பின்வரிசைப் பாட்டுக்கு நடுவில் உட்காரவைக்க மாட்டேன். அவளும் நானும் இந்த வெள்ளிக்கிழமை வீட்டில், டிவியில். விகன் அண்ணன் திட்டும் அதே டிவி. மூத்தவள் மட்டும் பஸ்ஸில் வருகிறேன் என்று இரண்டு நாளாக நச்சரிக்கிறாள். அம்மாவும் கூட வருவாள். பெரியவர்களுக்கு ஒன்று, மாணவருக்கு ஒன்று, இரண்டு சீட் இருக்குமா?

சிப்ஸ்மசாலா:
இருக்கிறது. சொல்லிவிட்டேன். டப்பாவும் பெரிசாகக் கொண்டுவருகிறேன்.

ராத்திரிடூட்டி:
நாலாவது வரிசை, எனக்கு நேர் பின்னால். போகும்போது ஜன்னல் பக்கம் அவளை உட்காரச் சொல்லுங்கள். வலது பக்கம்தான் எம்62இன் அந்தப் பண்ணை வீடு வரும், போகும் சாலைக்கும் வரும் சாலைக்கும் நடுவில் தன்னந்தனியாக. திரும்பும்போது இருட்டில் ஒன்றும் தெரியாது.

சிப்ஸ்மசாலா:
என் பக்கத்து சீட்காரர் அவளிடம், விவசாயி நிலத்தை விற்க மறுத்ததால்தான் சாலை பிரிந்து போகிறது என்று சொல்வார். பதினோரு தடவை எனக்குச் சொல்லிவிட்டார்.

ரெண்டுபொண்ணுஅப்பா:
கீழே மண் சரியில்லாமல் இரண்டு பக்கச் சாலையையும் சேர்த்துப் போட முடியவில்லை, அதனால்தான் வீடு தப்பியது என்று அவள் எங்கேயோ படித்திருக்கிறாள். விடமாட்டாள். பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.