இரண்டு தாத்தாக்களுக்கும் தனித்தனிச் செல்லப் பெயர் தேவை

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் இருக்கும் என் அப்பாவையும் ஓசூரில் இருக்கும் என் மாமனாரையும், இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கும் என் மகள் ‘தாத்தா’ என்றே அழைப்பதால், இருவரும் ஒன்றாக இருக்கும்போது அவள் குரல் கேட்டதும் இருவருமே எழுந்து வந்துவிடுகிறார்கள். அந்த ஆசையைப் பார்க்கும்போது, ஒவ்வொருவருக்கும் அவருக்கே உரிய ஒரு பெயர் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கொங்குப் பகுதியில் அப்பாவின் தந்தையை அப்பாரு என்றும் அம்மாவின் தந்தையை அப்புச்சி என்றும் பிரித்து அழைப்பார்கள்; எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது. மாமனார் வீட்டில் தெலுங்கு பேசுவதால் ‘தாத்தய்யா’ என்று சொல்லிக் கொடுத்தோம், ஆனால் அவள் வாயில் அதுவும் ‘தாத்தா’வாகவே வருகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் உங்கள் வீட்டுக் குழந்தைகள் தாத்தாவை எப்படிக் கொஞ்சி அழைக்கிறார்கள் என்பதையும், அந்தப் பெயர் எப்படி அமைந்தது என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். மழலைக்கு எளிதாகவும் பெரியவர்களுக்கு மரியாதைக் குறைவில்லாமலும் இருந்தால் போதும்.