மறுமொழி: 'இருள்தூண்டு நொதி' வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம். மூளையில் உள்ள பீனியல் சுரப்பியில், செரோட்டோனினை மெலடோனின் என்ற இரவு ஹார்மோனாக மாற்றும் வேலையில் பங்குபெறும் நொதி (என்சைம்) அசெட்டைல்மாற்றி. பத்தாம் வகுப்புக் குறிப்பேட்டில் இதற்கு என்ன தமிழ்ப்பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் ஒருவர் எழுதியது:

> பீனியல் சுரப்பியில் இரவில்தான் இதன் செயல் கூடுகிறது. ஆகவே 'இருள்தூண்டு நொதி' எனலாம்.

ஐயா, சொல் காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் அந்த அசெட்டைல்மாற்றியை இருட்டு தூண்டுவதில்லை. எலியைப் பட்டப்பகலில் இருட்டறையில் அடைத்தாலும் நொதி ஏறாது. 1970இல் கிளைன், வெல்லர் என்ற ஆய்வாளர்கள் எலியில் பார்த்தபோது, இரவில் அதன் செயல் பகலைவிட 15 மடங்குக்கும் மேல். முழு இருட்டிலும், பார்வையற்ற எலியிலும்கூட இந்த ஏற்ற இறக்கம் தொடர்ந்தது. பார்வையற்ற எலிக்கு எந்நேரமும் இருட்டுதானே? பிறகு ஏன் பகல் பொழுதில் நொதி படுத்துக்கிடக்கிறது? ஏற்றிவிடுவது மூளைக்குள் இருக்கும் கடிகாரம். அங்கிருந்து கழுத்து நரம்புமுடிச்சு வழியாகச் சேதி வந்து, சுரப்பியில் நார்அட்ரினலின் என்ற நரம்புச் சேதிப்பொருள் கசிந்தால்தான் செரோட்டோனின் மெலடோனினாகும் வேலை சூடுபிடிக்கும்.

வெளிச்சத்தின் சங்கதி வேறு. நடுராத்திரியில் விளக்கைப் போட்டால், ஏறக்குறைய 3 நிமிடத்தில் எலியின் நொதிச் செயல் பாதியாகிவிடும். புதிதாக உண்டாவது நின்றால் மட்டும் இந்த வேகம் வராது. இருக்கிற நொதியையே செல் சிதைத்துத் தள்ளுகிறது.

எனவே இரண்டு சொல் வேண்டும். கடிகாரம் ஏற்றுவதற்கு 'இரவேற்றம்'. விளக்கு இறக்குவதற்கு 'ஒளியொடுக்கம்'. ஒளியை ஒடுக்குவது என்று பொருள் கொள்வார்களோ என்ற பயம் வேண்டாம். ஒளிச்சேர்க்கையை ஒளியைச் சேர்ப்பது என்று யாரும் படிப்பதில்லை.

கோழிக்கும் இதே சொல் பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பொருந்தும், வழிதான் வேறு. பாலூட்டிகளுக்குக் கண் வழியாகத்தான் சேதி போகும். கோழியின் பீனியலோ மண்டையோட்டைத் தாண்டி வரும் வெளிச்சத்தைத் தானே உணரும். பண்ணைக் கொட்டகையில் விளக்கு எரிவதைப் பார்த்து வளரும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் (கேரளத்துச் சித்தூர் தாலுகா) பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அப்புறம், 'நொதி'யையே மாற்றலாம் என்ற யோசனைக்கு நான் உடன்பட மாட்டேன். பக்கத்து மலையாள வகுப்பில் அதற்கு 'ராசாக்னி' என்கிறார்கள், கம்பீரமான சொல்தான். ஆனால் இந்தச் சித்தூர் தாலுகா கள்ளுக்குப் பேர்போனது. நொதி என்றதும் நுரைக்கிற பானை கண்முன் வந்துவிடும், விளக்கமே தேவையில்லை.

'இரவேற்ற'த்துக்குப் பதில் 'இரவெழுச்சி' என்றால் கொஞ்சம் மேடைப்பேச்சு வாடை அடிக்கிறது. வேறு நல்ல சொல் இருந்தால், பத்தாம் வகுப்புக் குறிப்பேடு அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.