முதல் பிரசவம்: அஞ்செட்டியிலேயே இருப்பதா, முன்கூட்டியே கிளம்புவதா?

கேள்வி:
என் மனைவிக்கு 36 வாரம் முடிந்துவிட்டது. வளைகாப்புக்குப் பின் அஞ்செட்டியில் தாய்வீட்டில் இருக்கிறாள். தேன்கனிக்கோட்டைக்குச் செல்லும் காட்டுப்பாதையில் இரவில் யானை நடமாட்டம் இருப்பதால், வலி எடுத்தபின் கிளம்புவதா, இப்போதே கிருஷ்ணகிரியில் சித்தி வீட்டில் தங்குவதா என்று புரியாமல் தவிக்கிறோம்.

பதில் 1:
தம்பி, தயங்காமல் இந்த வாரமே அழைத்து வந்துவிடுங்கள். தலைப்பிரசவத்தில் வலி பெரும்பாலும் மெதுவாகத்தான் முற்றும் என்றாலும், பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தப்போக்கு தென்பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, வலிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டும். அந்த நேரத்தில் மலைப்பாதை நம் கையில் இல்லை. 108 எண்ணை உங்கள் மனைவியின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள்.

பதில் 2:
அண்ணன் சொல்வதே சரி. தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், ரத்தப்பிரிவுச் சீட்டு, ஆதார் ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த ஆர்சிஎச் எண்ணைத் தனியாகவும் குறித்துக்கொள்ளுங்கள், பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். குழந்தையைச் சுற்ற, துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய பருத்தி வேட்டித் துண்டுகளே போதும். புதுத்துணியின் கஞ்சி பிஞ்சு உடம்பில் உறுத்தும். உங்கள் மனைவியின் அம்மாவும் உடன் வரட்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அத்தையும் வரச் சம்மதித்துவிட்டார். நாளை பகலிலேயே கிளம்புகிறோம்.