பழைய ஆல்டோ 800 எடுக்கலாமா? கொழும்புக்குள் ஓட மாதம் என்ன செலவு வரும்?

கொட்டாஞ்சேனையான்:

வணக்கம். 2015ஆம் ஆண்டு ஆல்டோ 800 ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. மனுவல் கியர், ஏசி, பவர் ஸ்டியரிங் உண்டு. மீற்றரில் 68,000 கிலோமீற்றர். இப்போது வைத்திருப்பவர் வெள்ளவத்தையில் இருக்கிறார். எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில், வேலை கிருலப்பனையில். காலையில் மனைவியையும் மூன்று வயது மகளையும் இறக்கிவிட்டுப் போக வேண்டும். இறக்குமதித் தடை போன பிறகும் புதுக் காரின் விலை எனக்கு எட்டாது. இந்தக் காரில் வழக்கமாக என்னென்ன பழுது வரும், மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும்? வைத்திருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவி.

தெஹிவளைவாசி:

தம்பி, என்னிடம் 2013 மொடல் இருக்கிறது, தினமும் காலி வீதியில்தான் ஓட்டம். நல்ல கார். ஆனால் பார்த்து எடுக்க வேண்டும்.

முதலில் அந்த 68,000ஐ ஒரு பக்கம் வையுங்கள். பம்பலப்பிட்டிச் சந்தியில் நிற்கும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மீற்றர் ஏறுவதில்லை. 2022இல் தட்டுப்பாடு வந்து கியூஆர் கோட்டாவுக்கு மட்டும் பெற்றோல் கிடைத்த காலத்தில் எத்தனையோ கார்கள் சும்மா நின்றன. அப்போதும் ரப்பர் காய்ந்தது, பற்றரி செத்தது, மீற்றர் மட்டும் அப்படியே இருந்தது. நான் விற்பவரிடம் முதலில் கேட்பது, கார் இரவில் எங்கே நிற்கிறது என்பதைத்தான். மரைன் டிரைவ் பக்கம் கூரையில்லாமல் நின்ற கார் என்றால் உப்புக் காற்று அரித்திருக்கும். கால்வாய்ப் பக்கத்துப் பள்ளமான ஒழுங்கை என்றால் வெள்ளம் உள்ளே போயிருக்கலாம்.

இதைப் பார்க்க மெக்கானிக் தேவையில்லை. கால் மிதியடிகளைத் தூக்கித் தரையை அமர்த்திப் பாருங்கள். ஸ்பெயார் வீல் கிடக்கும் குழி, கதவுகளின் அடி விளிம்பு, பற்றரி உட்காரும் தட்டு, பின் சில்லுக்கு மேலுள்ள வளைவு, இவை நான்கிலும் துரு முதலில் தெரியும். காரின் அடியில் துருவைத் தடுக்கப் பூசும் கறுப்பு அண்டர்கோட்டைப் புதிதாக அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். சீற் பெல்ற்றை முழுவதுமாக இழுங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். எஞ்சினை எப்படியும் திருத்தலாம், துரு அரித்த காரின் வெளிக்கூட்டைத் திருத்தி முடிக்க முடியாது.

அடுத்தது சூடு. இதில் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர் எஃப்8டி எஞ்சின், 48 குதிரைவலு. ஏசியைப் போட்டுக்கொண்டு ஆமர் வீதி நெரிசலில் நின்றால், காற்றே படாத ரேடியேற்றரைக் குளிர வைப்பது முன்னாலுள்ள மின்விசிறி மட்டும்தான். அந்த மோட்டார் தேய்ந்தாலோ ரிலே போனாலோ நிமிடங்களில் சூடு காட்டும் முள் ஏறும், அலட்சியமாக ஓட்டினால் எஞ்சின் தலைப்பகுதியின் அடைப்பான ஹெட் காஸ்கெட் வரை பழுது போகும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ற் தெளிவாக நிறத்தோடு இருந்தால் நல்லது, செம்மண் தண்ணீர் போலிருந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். பிறகு ஏசியுடன் நிறுத்திய இடத்திலேயே இருபது நிமிடம் ஓடவிட்டு, விசிறி சுழல்கிறதா, முள் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள்.

கிளச் கொழும்பில் சீக்கிரம் தேயும். பாதி அமர்த்திக்கொண்டே ஊர்ந்தால் எந்தக் காரிலும் அதுதான் நடக்கும். பெடல் மிக மேலே வந்த பிறகுதான் கார் இழுக்கிறது, அல்லது ஏற்றத்தில் எஞ்சின் இரைந்தும் வேகம் ஏறவில்லை என்றால், மாற்றும் காலம் வந்துவிட்டது. மாற்றும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங் மூன்றையும் ஒன்றாகப் போடுங்கள். கியர்பொக்ஸைக் கழற்றும் கூலி எப்படியும் ஒன்றுதான். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது டக்டக் என்று கேட்டால் முன் அச்சு ஜொயின்ற். பெரும்பாலும் அதன் ரப்பர் பூட் கிழிந்து கிறீஸ் வெளியே போயிருக்கும், பூட்டை மட்டும் முதலே மாற்றியிருந்தால் சில்லறைச் செலவோடு முடிந்திருக்கும்.

பாகங்களுக்கு, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை இருக்கும்வரை பயமில்லை. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். பம்பர், கண்ணாடி, லைற் எல்லாம் அங்கே போதும். பிரேக், எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ற், வோட்டர் பம்ப் மூன்றையும் ஏஜென்ட்டிடம் அசல் எடுப்பதுதான் என் வழக்கம், விலை கூடினாலும். ரயர் 12 அங்குலம் என்பதால் நான்கையும் மாற்றினாலும் மற்றக் கார்களளவுக்குக் கை கடிக்காது.

பெற்றோல் கணக்கு: இந்தியாவில் இது வெளிவந்தபோது லீற்றருக்கு 22.74 கிலோமீற்றர் என்றார்கள். கொழும்பு நெரிசலில் ஏசியோடு எனக்கு 13 கிடைக்கிறது. உங்கள் ஓட்டம் மாதம் 700 கிலோமீற்றர் என்று வைத்தால் 54 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்று கணக்கெடுத்தால் 16,000க்குச் சற்று மேலே வரும். 2022 ஜூனில் 92 ஒக்டேன் 470க்குப் போனதையும் மறக்க வேண்டாம், அந்த விலையில் இதே ஓட்டத்துக்கு 25,000 தாண்டும். பெற்றோலுக்கு ஒதுக்கும் தொகையில் பாதியைப் பழுதுக்கென்று மாதாமாதம் தனியாகப் போட்டு வாருங்கள். முதல் வருடம் அது கட்டாயம் தேவைப்படும்.

கல்கிசை ரீச்சர்:

செலவை அண்ணன் வடிவாகச் சொல்லிவிட்டார். எனக்கு உங்கள் மகளை நினைத்துத்தான் கவலை. 2014 ஜனவரியில் குளோபல் என்கெப் மோதல் பரிசோதனையில் எயார்பேக் இல்லாத ஆல்டோ 800 பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. நகருக்குள் மெதுவாக ஓடத்தான் எடுக்கிறீர்கள், சரி. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் மட்டும் உட்கார விடாதீர்கள். சைல்ட் சீற்றைப் பின்னால் கட்டுங்கள், அதற்குப் பின் பெல்ற் வேலை செய்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

காப்புறுதியில் மூன்றாம் தரப்பு மட்டும் எடுத்தால் உங்கள் காருக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்புறுதி எடுக்கும்போது வெள்ளம் உள்ளடங்குகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் பண்ணினால் கிளெய்ம் பண்ணாதவர்களுக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் கழிவு போய்விடும். வருடாந்தம் புகைப் பரிசோதனை, அதன் பிறகு ரெவனியூ லைசன்ஸ். புகையில் தோற்றால் முதலில் எயார் பில்ற்றரையும் மூன்று பிளக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஓப்பின் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட படிவத்தோடு மட்டும், வாங்கவே வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் முடிந்த கடிதம் கைக்கு வரும்வரை காசு கொடுக்காதீர்கள்.

கொட்டாஞ்சேனையான்:

இருவருக்கும் மிக்க நன்றி. விற்பவரிடம் கேட்டுப் பார்த்தேன், கார் வீட்டுக்குள்ளே கராஜில்தான் நிற்கிறதாம், கடலிலிருந்து தள்ளி. டைமிங் பெல்ற் மாற்றியாயிற்று என்கிறார், ஆனால் பில் இல்லை. நம்பலாமா?

தெஹிவளைவாசி:

பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்டோ கே10 மொடலின் எஞ்சினில் செயின், இதில் பெல்ற். பத்து வருடம் தாண்டிய ரப்பர் எந்தச் சந்தியில் அறும் என்று யாருக்கும் தெரியாது. வாங்கிய கிழமையே பெல்ற்றையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றுங்கள், வோட்டர் பம்ப்பையும் அப்போதே பார்த்துவிடலாம். அந்தச் செலவை இப்போதே சொல்லி விலையில் குறைக்கக் கேளுங்கள். கொண்டுபோய்க் காட்ட நம்பிக்கையான மெக்கானிக் பாஸ் ஒருவர் இல்லையென்றால் சொல்லுங்கள், சனிக்கிழமை நான் வெள்ளவத்தைப் பக்கம் வருவேன், கூட வந்து பார்க்கிறேன்.