தாழையூத்துக் கல்: டையாப்சைடா, டிரெமோலைட்டா?

அண்ணாச்சிமாரே, திருநெல்வேலி தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல்லோடு ஒட்டிக் கிடந்த வெளிர்பச்சைக் கல் இது. டையாப்சைடு, டிரெமோலைட் என்ற இரண்டு கனிமங்களில் இது எது என்று தெரியணும்.

டைல்ஸின் பின்பக்கம் தேய்த்தால் வெள்ளைக் கோடு. கத்தி கீறவில்லை, கோடு மாதிரித் தெரிந்தது கத்தியின் இரும்புத்தூள், ஈர விரலால் துடைத்ததும் போய்விட்டது. குவார்ட்ஸ் கீறுகிறது. ஆகவே கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் (1 முதல் 10 வரை) 5.5-க்கும் 7-க்கும் நடுவே.

குழப்பம் ஒப்படர்த்தியில்தான் (தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பது). காற்றில் 62.4 கிராம், நூலில் கட்டித் தண்ணீரில் முக்கினால் 42.4. குறைந்த எடை 20 கிராம்; 62.4-ஐ 20-ஆல் வகுத்தால் 3.12. டையாப்சைடுக்கு 3.2-க்கு மேல் வரணும், டிரெமோலைட்டுக்கு 3.1-க்குள். ஓரத்தில் 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம் நுரைக்கிறது. ஒட்டியிருக்கும் கால்சைட் (சுண்ணாம்புக்கல்லின் கனிமம், ஒப்படர்த்தி 2.71) அளவைக் கீழே இழுத்துவிட்டதோ என்று சந்தேகம். அமிலத்தில் ஊறப்போட்டுக் கரைக்கலாம். ஆனால் கரைந்த குழிகளில் காற்றுக்குமிழி தங்கினால் அளவு இன்னும் குறையும். தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு நிறுத்தால் போதுமா?

பிளவுக்கோணம், அதாவது படிகம் உடையும் இரண்டு வழவழப்பான தளங்களுக்கு நடுவே உள்ள கோணம், பார்த்தால் தீர்ந்துவிடும்: 87 பாகை என்றால் டையாப்சைடு, 56 என்றால் டிரெமோலைட். கல்லில் உள்ள படிக மணிகள் 5 மி.மீ.கூட இல்லை, பாகைமானி உட்காரவில்லை. லென்ஸ் மட்டும் வைத்து அளக்க வழி உண்டா?

பொடித்துப் பார்க்கச் சொல்லாதீங்க. டிரெமோலைட் நாராக இருந்தால் அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.